கிளச்சு திட்டிய ஞாயிறு

பிப்ரவரி 11, செவ்வாய்

கீழே சலவைக் கடையில் பெரிய இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் எங்கள் அறையின் தரை நடுங்கும். மேசையில் இருக்கிற பேனா தானாக உருண்டு கீழே விழும். இன்று காலை அப்படி விழுந்ததை எடுக்கக் குனிந்தபோது தம்பி சொன்னான்: "அக்கா, இன்னும் ரெண்டு ஸ்கூல் போன வாரத்துலேர்ந்து நம்ம சாஃப்ட்வேருக்குள்ளயே வரல." மேசைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்துவிடலாமா என்று தோன்றியது.

ஒன்றரை வருடமாக நாங்கள் செய்வது இதுதான். டிரைவிங் ஸ்கூல்களுக்கு ஒரு இணைய மென்பொருள். கார் ஓட்டப் பழகுகிறவர் தன் வகுப்பு நேரத்தைத் தானே பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். ஸ்கூல்காரர் திரையைத் திறந்தால் இன்று எந்தக் காரில் யார் என்று தெரியும். சொன்னால் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. விற்கப் போனால்தான் வாய் வலிக்கிறது.

வேலையைப் பிரித்துக்கொண்டது சுலபமாக நடந்தது. அவன் நிரல் எழுதுவான், நான் திரையை வடிவமைப்பேன். வெளியே போய் ஆட்களைப் பார்ப்பதும் நான்தான். தம்பிக்குப் புது மனிதர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் போய்ப் பார்த்து, திரும்பி வந்து, அவர்கள் பேசியதை அவர்கள் மாதிரியே பேசிக் காட்டுவேன். சின்ன வயதில் அவன் அழுதால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். கணக்கு டீச்சர், மருந்துக் கடைக்காரர், பெரியப்பா என்று குரல் மாற்றிப் பேசுவேன். அழுகையை நிறுத்திவிட்டு, "இப்ப யாரு பேசுறது?" என்பான். கண்டுபிடித்துவிட்டால் சிரிப்பான். முப்பது வயதைத் தாண்டியும் அதே விளையாட்டு நடக்கிறது. அதற்குக் கம்பெனி என்று பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்று கிளச்சைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்களிடம் முதன்முதலில் சேர்ந்த ஸ்கூல்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அவர் சொன்னது: "நல்லா இருக்கும்மா. மாசக் கணக்கு தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும். பாக்கலாம்." சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

தம்பியிடம் நான் பேசிக் காட்டிய கிளச்சு, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மாசக் கணக்கு மட்டும் குடுங்கம்மா, ஊர்ல இருக்கிற அத்தனை ஸ்கூல்காரனையும் நான் இழுத்துட்டு வரேன்! கிளச்ச விடும்மா, கிளச்ச விடு!" என்றார். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் மாசக் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டான்.

பிப்ரவரி 13, வியாழன்

அந்த ரெண்டு ஸ்கூலில் ஒருவர் போனை எடுத்தார். "ஆமாமா, யூஸ் பண்றோமே" என்றார். பொய். நானும் சந்தோஷம் சார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

மாசக் கணக்கு தயார். முன்திரையில் அதற்கு ஒரு பட்டன் வைக்க இடம் தேடினேன். இடம் இல்லை. ஏற்கெனவே காருக்குப் பெட்ரோல் போட்ட கணக்கு, பழகுகிறவருக்கு மதிப்பெண், வாழ்த்துச் செய்தி, பயிற்சியாளர் விடுப்பு. எல்லாம் யாரோ ஒருவர் "இருந்தா நல்லாருக்கும்" என்று சொன்னவை. இருந்தால் எதுதான் நல்லாருக்காது? எனக்குச் சிறகு இருந்தாலும் நல்லாருக்கும்.

முதலில் வரைந்த திரையை இன்று எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பலகை. நேரம், பெயர், கார். அதைப் பார்த்தால் புரிந்துவிடும், கேட்க வேண்டியதே இல்லை. அந்தத் திரையைக் கொன்றது நான்தான், பட்டன் பட்டனாக. ஒருவர் கழன்றுகொள்ளும்போதெல்லாம், அவரைப் பிடித்து வைக்க இன்னொன்றைச் சேர்த்தோம். சேர்க்கச் சேர்க்க அடுத்தவர் வந்து திருதிரு என்று முழிக்கிறார். அவரும் போகிறார். அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். "பாதியத் தூக்கிடலாமாடா?"

"கிளச்சு கேட்டது இதுல இருக்கு அக்கா. அவர எப்படி ஏமாத்துறது?"

கிளச்சு என்ற பெயர் வந்த கதையையும் எழுதி வைக்கிறேன். நான் போயிருந்த முதல் நாள், வெளியே ஒரு பெண் காரை நிறுத்தி நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை, மெதுவாக, "கிளச்ச விடும்மா" என்றார். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைங்கரியம்.

மார்ச் 4, செவ்வாய்

முதலீடு செய்கிற ஒரு அம்மாவைப் பார்த்தோம். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அப்புறம்'. எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பார், நாம் சொன்னது காலில் விழுந்து உடைந்த மாதிரி ஆகிவிடும். கண்ணாடிச் சுவர் வைத்த அறை. வெளியே போகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

எத்தனை ஸ்கூல் சேர்ந்திருக்கிறது என்று சொன்னேன். அப்புறம்? என்னென்ன வசதி இருக்கிறது என்று சொன்னேன். அப்புறம்? அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று ஏறுகிற கோடு ஒன்றைக் காட்டினேன். அந்தக் கோட்டை நான் வரைந்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு நேராகக் கேட்டார். "உங்க சாஃப்ட்வேர் ஒரு நாள் முழுக்க நின்னு போச்சுன்னு வெச்சுக்கங்க. யாரு முதல்ல போன் பண்ணித் திட்டுவாங்க?"

நான் ஏதேதோ பூசி மெழுகினேன். தம்பி, புது ஆள் முன்னால் வாயே திறக்காத என் தம்பி, சொன்னான்: "கிளச்சு திட்டுவாரு."

"யாரு?"

"எங்க முதல் கஸ்டமர். ரொம்பக் கோவக்காரர்."

அவர் முதல் தடவையாக ஏதோ குறித்துக்கொண்டார். "திட்டுற ஆளு ஒருத்தர் இருந்தா போதும். அப்படிப் பத்துப் பேர் கிடைச்சதும் வாங்க" என்றார். பணம் இல்லை என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

படியிறங்கும்போது தம்பி துள்ளிக்கொண்டு இறங்கினான். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

மார்ச் 5, புதன்

தம்பியின் பழைய மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். அவன் விட்டுவிட்டு வந்த அதே வேலை, அதைவிடப் பெரிய பொறுப்பு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"நீ என்னக்கா சொல்ற?"

நான் என்ன சொல்ல? அந்த வேலையை விட்டு வரச் சொன்னதே நான். அவன் மேசைக்கு எதிரே நின்று, "நமக்குன்னு ஒண்ணு செய்யலாம்டா, யாருக்கோ எதுக்கு உழைக்கணும்?" என்று கேட்டது நான். அவன் அப்போது யோசிக்கவே இல்லை. அக்கா சொன்னால் வந்துவிடுவான். அதுதான் என் பயமே.

"உனக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டேன்.

"நம்மள யாருக்காவது நெஜமா வேணும்னா இருந்துடுவேன். இல்லன்னா போயிடுவேன்." இவ்வளவு தெளிவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

வேணுமா? யாருக்காவது?

மார்ச் 14, வெள்ளி

புது ஸ்கூல் ஒன்று. நடத்துகிற அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எதுவும் சொல்லித்தராமல், அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்தேன். இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. எப்போதும் நானே மவுசைப் பிடித்துக்கொண்டு, "இங்க பாருங்க, எவ்வளவு சுலபம்" என்று காட்டிவிட்டு வந்துவிடுவேன். எனக்குச் சுலபம்தான்.

அவர் உள்ளே வந்தார். திரை காலியாக இருந்தது. இன்னும் யாரும் பதிவு செய்யவில்லை அல்லவா, அதனால். வெள்ளை வெளேர் என்று ஒரு பலகை, சுற்றிலும் பட்டன்கள். அவர் கையை மவுசில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், "கரன்ட் போயிடுச்சா?" என்றார்.

அறைக்கு வந்தேன். தம்பி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தான். "யாரு பேசப் போறது?"

அந்த அம்மாவின் குரல் எனக்கு உடனே வந்துவிட்டது. ஆனால் அந்தக் குரலில் நான் சொன்னது வேறு. "அடேங்கப்பா, இவ்வளவு இருக்கா இதுல! எனக்கு ஒரு நாள் டைம் குடும்மா, எல்லாத்தையும் கத்துக்கிறேன்."

முழுக்கப் பொய் இல்லையே. "இவ்வளவு இருக்கா" என்று அவரும் சொன்னார்தான். வேறு குரலில்.

மார்ச் 23, ஞாயிறு

சர்வர் நின்றுவிட்டது.

காலையிலேயே நின்றிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது சாயங்காலம். அதுவும் எப்படி? அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தம்பி சும்மா போனில் திறந்து பார்த்தான். வெறும் எழுத்து, பிழை என்று. அவன் முகம் வெளுத்துப்போய் லேப்டாப்பைத் தேடி ஓடினான். எதையோ புதுப்பிக்க மறந்திருக்கிறான், சின்ன விஷயம். உட்கார்ந்த வேகத்தில் சரி செய்துவிட்டான்.

ஞாயிறு. டிரைவிங் ஸ்கூல்களுக்கு இதைவிடப் பரபரப்பான நாள் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் இன்றுதான் பழக வருவார்கள். அத்தனை கார், அத்தனை பேர். பகல் பூராவும் எங்கள் பலகை செத்துக் கிடந்திருக்கிறது.

என் போனைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. செய்தி இல்லை. மின்னஞ்சலில் ஒரு விளம்பரம். போன் கெட்டுவிட்டதோ என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். நன்றாக அடித்தது. "என்ன டெஸ்ட்டு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒருத்தர் கூட. ஒரே ஒருத்தர் கூட இல்லடா சாமி. நாங்க இருந்தா என்ன, செத்தா என்ன? கதவை மூடினா எதிர் வீட்டுக்காரனாவது என்னாச்சுன்னு கேப்பான். எங்களுக்கு அதுவும் இல்ல. இத்தனை நாள் எதுக்கு இவ்வளவு கண்ணு எரிய உக்காந்தோம்?

மார்ச் 24, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் நான் படியேறும்போது தம்பி மேலே நின்றிருந்தான். ஷேவ் செய்யவில்லை. "அக்கா, யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

அந்த முகத்தை எனக்குத் தெரியும். மூன்று வயதிலிருந்து தெரியும். அழுவதற்கு முன்னால் கீழுதடு கொஞ்சம் உள்ளே போகும்.

நான் பையைக் கீழே வைத்தேன். இடுப்பில் கை வைத்தேன். "ஏம்மா! ஞாயித்துக்கெழம அதுவுமா என்ன வெளாட்டு இது? வாசல்ல நாலு காரு நிக்குது, யாரு எந்தக் காருன்னு தெரியாம நான் முழிக்கிறேன்! கடைய மூடிட்டுப் போகச் சொல்றியா என்ன? கிளச்ச விடும்மா!"

அவன் வாயைப் பிளந்தான். "கிளச்சா? கூப்பிட்டாரா? திட்டினாரா?"

"காதுல ரத்தம் வராத குறை."

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "திட்டிட்டாருக்கா! அந்த 'அப்புறம்' அம்மா சொன்ன மாதிரியே திட்டிட்டாரு!" ஒரு மனிதன் திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கீழே சலவைக் கடைக்காரர் கூட எட்டிப் பார்த்தார்.

இதுவரை கூட்டிச் சொன்னேன், குறைத்துச் சொன்னேன். இன்று முழுக்க நானே செய்து கொடுத்துவிட்டேன். ஏன் செய்தேன்? அவன் அழுவான் என்று பயந்தா, வேலைக்குப் போய்விடுவான் என்று பயந்தா?

ரெண்டாவதுதான். எழுதிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

"சொல்லிட்டேன் அக்கா, வரலைன்னு." மேனேஜரிடம் மறுத்துவிட்டான். இன்று முழுக்க விசில் அடித்துக்கொண்டே வேலை செய்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

தம்பி மதியம் என்னிடம் சொல்லாமல் வெளியே போனான். சட்டையை மாற்றிக்கொண்டு போயிருந்தான். முடி வெட்டப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவன் நேராகத் தன் நாற்காலிக்குப் போகவில்லை. அறைக்கு நடுவில் நின்றான். நான் எப்போதும் நிற்கிற இடத்தில்.

"எங்கடா போன?"

"மன்னிப்புக் கேக்கப் போனேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்துவிட்டேன்.

"உக்காரு. இப்ப நான் பேசிக் காட்டுறேன்" என்றான்.

தம்பிக்குக் குரல் மாற்ற வராது. சின்ன வயதில் எத்தனையோ முறை முயன்று தோற்றிருக்கிறான். இன்று குரலை மாற்றவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"வாப்பா. உக்காரு. நீதான் அவங்க தம்பியா? ... ஞாயித்துக்கெழமையா? ஞாயித்துக்கெழம என்னப்பா ஆச்சு?"

நிறுத்தினான். அவன் பக்கத்தைச் சொன்னான். "சர்வர் நின்னு போச்சே சார், நீங்க கூட அக்காவப் போன்ல திட்டினீங்களே."

மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டான். கிளச்சு யோசித்த நேரத்தையும் யோசித்துக் காட்டினான். அது ரொம்ப நீளமாக இருந்தது.

"ஓ... ஆமா, ஆமா. திட்டினேன்பா. கொஞ்சம் கோவமாத்தான் திட்டிட்டேன். அக்காவ மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு."

கீழே இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. பேனா உருண்டது. இருவருமே எடுக்கவில்லை.

"அவரு ரொம்ப நல்லவரு அக்கா" என்றான் தன் குரலில். "நீ மாட்டிக்கக் கூடாதுன்னு திட்டாத திட்ட ஒத்துக்கிட்டாரு. கோவமே வராது அவருக்கு. ஸ்டியரிங் புடிக்கிற மாதிரி கைய வெச்சுக்கவே இல்ல. கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடி வெச்சிருக்காரு, அது மேல ஒரு தொப்பி. அன்னன்னிக்கு யாரு எந்தக் காருன்னு ஜன்னல் கண்ணாடியில மார்க்கரால எழுதி வெச்சிருக்காரு. வெளியிலேர்ந்து, கார்ல உக்காந்தபடியே படிக்கலாம். உனக்குத் தெரியுமா அது?"

தெரியும். முதல் நாளே பார்த்தேன். அழகாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடியை விட நாங்கள் என்ன கொடுக்கப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும்.

"தெரியும்டா."

"நீ பேசிக் காட்டின கிளச்சுக்காக எவ்வளவு எழுதினேன் தெரியுமா? அவரு எனக்கு ரொம்பப் புடிச்ச ஆளு அக்கா." கீழுதடு உள்ளே போயிற்று. அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 4, வெள்ளி

தம்பி பழைய மேனேஜரைக் கூப்பிட்டிருக்கிறான். வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். இதை அவன் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

ஏப்ரல் 16, புதன்

வருகிறான், வேலை செய்கிறான், போகிறான். "ம்." "சரி." "ஆச்சு." இவைதான் மொத்தப் பேச்சு. திட்டினால் கூடத் தாங்கிக்கொள்வேன். அதற்கும் ஆள் இல்லை.

முதலில் வரைந்த அந்த ஒற்றைப் பலகைத் திரையை மறுபடி கொண்டுவந்தோம். மற்ற எல்லாவற்றையும் எடுத்தான். அவன் எழுதியதை அவனே அழித்தான், ஒவ்வொன்றாக. மாசக் கணக்கை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்றான்.

திரை அழகாக இருக்கிறது. பார்த்தால் புரிகிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை. இருந்தவர்கள் எல்லாம் அலுத்துப் போன பிறகு வந்திருக்கிறது. முதலில் ஒருவருக்கு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று யார் யாரோ மேடையில் சொல்வார்கள். நான் கை தட்டியிருக்கிறேன். கை தட்டுவது சுலபம்.

வீட்டுக்காரர் இன்று, "சோறு இறங்கலையா?" என்றார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். அவர் மேல் என்ன கோபம் எனக்கு?

மே 9, வெள்ளி

கிளச்சைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க என்னென்ன சாக்கு உண்டோ எல்லாவற்றையும் தேடி, தீர்ந்துபோய், போனேன்.

ஜன்னல் கண்ணாடியில் பெயர்கள். ஒன்றை அழித்து வேறு எழுதிக்கொண்டிருந்தார், சட்டைக் கையால் துடைத்து. என்னைப் பார்த்ததும், "வாம்மா, ரொம்ப நாளாச்சு" என்றார். தம்பி வந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். பொய் சொன்னதைச் சொன்னேன்.

"புரிஞ்சுதும்மா. நானும் சமாளிச்சுப் பாத்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, முகத்துலயே தெரிஞ்சிடும்."

"சார், நீங்க எங்க சாஃப்ட்வேரத் தொடவே இல்லையே. பின்ன ஏன் மாசாமாசம் கட்டினீங்க?"

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. மார்க்கரின் மூடியைத் திறந்தார், மூடினார். "நீ வந்து உக்காந்து பேசிட்டுப் போவ. எப்படி இருக்கீங்க, கால் வலி எப்படி இருக்குன்னு கேப்ப. வீட்டுல நான் மட்டும்தானேம்மா. இது வேணாம்னு சொல்லிட்டா நீ வரமாட்டியேன்னு இருந்துச்சு."

"ஆரம்பத்துலயே வேணாம்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"நீயும் வேணுமா வேணாமான்னு கேக்கவே இல்லையேம்மா. நல்லா இருக்கான்னுதான் கேட்ட. நல்லாத்தான் இருந்துச்சு."

வெளியே ஒரு கார் நின்று நின்று போனது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது. குடித்தோம்.

மே 30, வெள்ளி

மூடிவிட்டோம்.

இருக்கிற ஸ்கூல்கள் எல்லாவற்றையும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். ஒருவர் "எந்த சாஃப்ட்வேர்?" என்றார். 'கரன்ட் போயிடுச்சா' அம்மா, "அடடா, இப்பத்தான் கத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தம்பி ஒரு கட்டளையை அடித்து, என்னைப் பார்த்தான். தலையசைத்தேன். என்டர் தட்டினான். சத்தமே இல்லாமல் போயிற்று. மார்ச்சில் நின்றபோதும் இப்படித்தான் நின்றிருக்கும்.

மேசையைச் சலவைக் கடைக்காரருக்கே கொடுத்துவிட்டோம். தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது தம்பி கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். "பாத்து, இடிக்குது" என்றான். இன்று முழுக்க அவன் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

தம்பி வேறு ஊருக்குப் போய்விட்டான். விட்டதைவிடச் சின்ன வேலை. வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். அம்மாவிடம் ரொம்ப நேரம் பேசினான். என்னிடம் "போயிட்டு வரேன்" என்றான். வண்டி கிளம்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவும் நல்லதுதான். அவன் பார்த்திருந்தால் நடிக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகிறது. வேலை என்னவென்றால், பயன்படுத்துகிறவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது. விதி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது போல.

இன்று கூட்டத்தில் என் முறை வந்தது. ஒரு மருத்துவமனைக் கணக்காளரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எழுந்து நின்று வாசித்தேன். "'இது எனக்கு வேண்டாம். இப்போ இருக்கிறதே போதும்' என்றார்."

மேசையைச் சுற்றி இளம் முகங்கள். ஒருத்தி கேட்டாள்: "கொஞ்சமாவது ஆர்வம் காட்டினாரா மேடம்? எப்படிச் சொன்னாரு? கோவமாவா, யோசிச்சா?"

எனக்கு அவர் குரல் நன்றாக நினைவிருந்தது. மூக்கால் பேசுவார். சொன்னால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

"வேண்டாம்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கிளச்சு வீட்டுக்குப் போய்வந்தேன். விற்க ஒன்றும் இல்லை. அவருக்குக் கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

மதியம் போனில் ஒரு செய்தி. தம்பி. ஜூனுக்குப் பிறகு அம்மா மூலமாக அல்லாமல் முதல் தடவை. ஒரு இணைப்பு, கீழே ஒரே சொல்: "பாரு."

அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். வேலை முடிந்த நேரத்தில் அவனாகவே ஏதோ செய்திருக்கிறான். வீட்டுக்குத் தேவையான சாமான்களைக் குடும்பத்தோடு சேர்ந்து எழுதி வைக்கிற மாதிரி. திரையில் பழைய கை தெரிந்தது. அந்த நீலம் நான் தேர்ந்தெடுத்த நீலம். எங்கே தொட வேண்டும் என்று தெரியவில்லை. ஒன்றைத் தொட்டேன், வேறு எங்கோ போயிற்று. திரும்பி வர வழி தெரியவில்லை. என் வீட்டில் இதை யாரும் திறக்க மாட்டார்கள். நானும் மாட்டேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டு எனக்குப் போதும்.

"சூப்பர்டா!" என்று அடித்தேன். விரல் தானாக அடித்தது. எத்தனை வருடப் பழக்கம். அவன் அந்த ஊரில் ஒரு அறையில், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இத்தனை மாதம் கழித்து அவனாக வந்திருக்கிறான். இப்போது போய் இதைச் சொன்னால் மறுபடி போய்விட மாட்டானா?

அழித்தேன். எழுதினேன். அதையும் அழித்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

கடைசியில் அனுப்பியது: "எங்க ஆரம்பிக்கணும்னே தெரியல. ரெண்டு தடவை வழி தெரியாம மாட்டிக்கிட்டேன். எனக்கு இது வேணாம்டா."

அவன் படித்துவிட்டான் என்று காட்டியது. பதில் இல்லை. இருக்கைக்கு வந்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன், திருப்பினேன், கவிழ்த்தேன். சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. போச்சு, இருந்த ஒரு நூலையும் அறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போன் அதிர்ந்தது.

"இப்ப யாரு பேசுறது?"

ஒரு கையால் அடிக்க வேண்டியிருந்தது. ரெண்டு தடவை தப்பாக வந்தது.

"நான்தான்டா."